அறத் தீர்ப்பின் அடிப்படை: தருமபுரி வட்டார வரலாறு

ஒரு செயலைச் சரி என்றும் இன்னொன்றைத் தவறு என்றும் மனிதர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பது அறவியலின் முதற்கேள்வி. தெய்வத்தின் ஆணை, வினைப்பயன், முன்னோர் வழக்கம், ஊரார் பேச்சு, மனசாட்சி, நாட்டின் சட்டம், அடுத்தவர் படும் துன்பம் என்று அதற்குச் சொல்லப்பட்ட விடைகள் பல. மெய்யியல் நூல்கள் இவற்றைத் தனித்தனிக் கொள்கைகளாகப் பிரித்து விளக்கும். வாழ்க்கையில் அவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. தருமபுரி மாவட்டத்தில் இவை எல்லாமே ஒரே ஊரிலும், பல நேரம் ஒரே ஆளிடத்திலும் சேர்ந்தே இருந்து வந்திருக்கின்றன. அம்மன் முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்பவரே மறுநாள் அரூர் நீதிமன்றத்தில் கூண்டேறிச் சாட்சி சொல்கிறார். சமயம் சார்ந்தது, சாராதது என்ற பாகுபாடு இம்மண்ணுக்குப் பிற்காலத்தில் வந்தது. அதைவிடப் பழைய பாகுபாடு வேறு ஒன்று: யாருடைய முறையீடு சபையில் ஏறும், யாருடையது ஏறாது? இவ்வட்டாரத்தின் அற வரலாற்றை அந்தக் கேள்வியின் வழியே பார்த்தால்தான் தெளிவாகப் புரியும்.

தகடூர்க் காலம்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான்கள் ஆண்ட நாடு. அசோகரின் இரண்டாம் பெரும் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சதியபுத்திரர் என்ற பெயரும் வருகிறது. இந்தச் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். திருக்கோவலூர் அருகே சம்பை என்னும் ஊரில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று குறித்ததும் விவாதம் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அசோகரின் கட்டளை எதைப் பற்றியது என்பதுதான். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்தது, மூலிகைகளை நட்டது, வழியோரம் கிணறு வெட்டியது ஆகியவற்றை அது சொல்கிறது. எந்தத் தெய்வத்தின் பெயரும் சொல்லாமல், உயிர்களின் துன்பத்தை மட்டும் அளவுகோலாக வைத்துப் பேசும் ஓர் அற ஆவணத்தில்தான் இந்நாட்டு ஆட்சியாளர் பெயர் முதன்முதலாக எழுத்தில் பதிந்தது. சம்பைக் கல்வெட்டோ அதியமான் துறவியருக்குப் பாளி, அதாவது குகை உறைவிடம், அளித்ததைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

சங்கப் பாடல்கள் காட்டும் அதியமான் கடையெழு வள்ளல்களில் ஒருவன். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்ற செய்தி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அக்காலப் பாடல்களில் மறுமைப் பயனைக் கருதாமல் கொடுப்பதே உயர்ந்த கொடை. புகழும் பழியும்தான் அங்கே தீர்ப்பு வழங்கின. தீர்ப்பை எழுதியவர்கள் புலவர்கள். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றபோது, வென்றவனை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினார். தோற்றவனை ஔவையின் பாடல்கள் காத்தன. வெற்றி ஒருவனை நல்லவன் ஆக்கிவிடாது, தோல்வி கெட்டவன் ஆக்கிவிடாது என்ற பார்வை அன்றே இருந்திருக்கிறது. ஆனால் புலவர் வாயில் இடம்பெறாத உழவர், உமணர், அடியோர் ஆகியோருக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை.

நடுகற்கள்

இம்மாவட்டத்தின் தனிச்சொத்து நடுகற்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தின் முற்றத்தில் வரிசையாக நிற்கும் கற்களைப் பார்த்தாலே ஒரு காலத்தின் அறக்கணக்கு விளங்கும். கையில் வில்லும் வாளும் ஏந்தி ஒருபக்கம் திரும்பி நிற்கும் வீரன், உடம்பில் தைத்த அம்புகள், காலடியில் மாடுகள், மேலே வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், இறந்த காரணம். பல்லவர் காலமான ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை பல. கங்கர், பாணர், நுளம்பர் காலத்தவையும் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றைத் தொகுத்து நூலாக்கியிருக்கிறது.

தொறு என்று கற்கள் குறிப்பிடும் மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்டார்கள், அதில் வியப்பில்லை. தொறுவைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் நட்டார்கள். ஒரே செயலின் இரு பக்கமும் போற்றப்பட்டது எப்படி? களவு தவறு என்ற பொதுவிதி அங்கே அளவுகோல் ஆகவில்லை. தன் தலைவனுக்கும் தன் ஊருக்கும் கொடுத்த வாக்கில் கடைசிவரை நின்றானா என்பதே அளவுகோல். இன்றைய அறவியலார் இதைக் குழு விசுவாச அறம் என்பார்கள். அதன் அழகும் ஆபத்தும் ஒன்றே: நம்மவனுக்கு ஒரு நீதி, அடுத்தவனுக்கு ஒரு நீதி. இந்த அறம் நடுகல்லோடு மண்ணுக்குள் போய்விடவில்லை என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

இக்கற்களில் பல இன்று வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. எழுத்து மறைந்துபோன கல்லுக்கு எண்ணெய் பூசி, மஞ்சள் வைத்துப் பொங்கலிடுபவர்களுக்கு அந்த வீரனின் பெயரோ அவன் மாட்டைக் கவர்ந்தானா காத்தானா என்பதோ தெரியாது. மனிதன் தெய்வமானான், தெய்வமானதும் சாட்சியானான். மக்கள் கொண்டாடிய செயலைச் சமயம் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

சமணம்

தகடூர் சமணத்தின் முக்கிய இருப்பிடங்களில் ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நுளம்ப மன்னன் மகேந்திரனின் காலத்தில் இங்கே வணிகர் குடும்பத்தார் சமணப் பள்ளி எழுப்பி அதற்கு ஊர் ஒன்று தானமாகப் பெற்றதைக் கன்னடக் கல்வெட்டு பதிவு செய்கிறது. போளூர் அருகே திருமலையில் உள்ள கல்வெட்டு, தகடூர் அதியமான் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் பழைய இயக்க இயக்கியர் உருவங்களைப் புதுப்பித்ததைச் சொல்கிறது.

சமண அறத்தில் உலகைப் படைத்துத் தீர்ப்பளிக்கும் கடவுள் கிடையாது. வினை தானே தன் பயனைக் கொடுக்கும். மன்னிப்பவரும் தண்டிப்பவரும் வெளியே இல்லை. கொல்லாமை எல்லா உயிருக்கும் பொருந்தும் என்பதால், நடுகல் அறத்தின் நம்மவன்-அடுத்தவன் கோடு இங்கே அழிகிறது. கடவுள் இல்லாவிட்டால் ஒழுக்கம் எப்படி நிற்கும் என்று இன்றும் மேடைகளில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தகடூரில் பள்ளி கட்டிக் குடியிருந்தது. திருக்குறளும் அறத்தை மனத்தின் தூய்மையில் வைத்து, சடங்கை அதற்குக் கீழே வைப்பது இந்த மரபோடு ஒட்டி வாசிக்கத்தக்கது. பிற்காலத்தில் சமணம் இங்கே மங்கிவிட்டது. சிதைந்த சிற்பங்களும் கல்வெட்டுகளுமே மிஞ்சின.

பாரதமும் சத்தியமும்

விஜயநகர, நாயக்கர் காலத்துக்குப் பின் இவ்வட்டார மக்களின் அறக்கல்வி பெரும்பாலும் மகாபாரதத்தின் வழியே நடந்தது. பெண்ணாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயிலும் தருமராசா கோயிலும் ஊருக்கு ஊர் உண்டு. பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவு விடியவிடியக் கூத்து. அர்ச்சுனன் தபசுக்குக் கம்பம் ஏறுவார்கள். கடைசி நாள் படுகளம்: மண்ணால் செய்த துரியோதனன் உருவம் திடலில் மல்லாந்து கிடக்க, அம்மன் கூந்தல் முடிப்பாள். அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போவோரும் உண்டு. பிறகு தீமிதி.

துகிலுரிதல் கூத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். துச்சாதன வேடக்காரர் சேலையில் கைவைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, அம்மனை வணங்கி, தான் செய்யப்போகும் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்வது கூத்துமேடை வழக்கம். நடிப்பில் செய்யும் தவறுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற உணர்வு அதில் இருக்கிறது. பிறகு திரௌபதி சபையைப் பார்த்துக் கேட்கிறாள்: முதலில் தன்னைத் தோற்றுவிட்ட தருமருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? இது பக்திக் கேள்வி அன்று. சுத்தமான சட்டக் கேள்வி. தருமத்தின் வழி நுட்பமானது என்று சொல்லிப் பீஷ்மர் ஒதுங்கிக்கொள்கிறார். விகர்ணன் ஒருவன் மட்டும் எழுந்து பேசுகிறான். சாத்திரம் அறிந்தவர்கள் நிறைந்த சபை வாய் மூடியிருக்க, வயதில் சிறியவன் பேசினான் என்பது பார்ப்பவர் மனத்தில் தைக்கும் இடம். நடுவே கட்டியங்காரன் புகுந்து ஊர்ப் பெரியவர்களையும் உள்ளூர் அரசியலையும் கிண்டலடிப்பான். அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பிளேட்டோவின் யூதிஃப்ரோ உரையாடலில் சாக்ரட்டீஸ் ஒரு கேள்வி கேட்பார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, அல்லது புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா? மேற்கத்திய அறவியல் இருபத்து நான்கு நூற்றாண்டுகளாக இதைச் சுற்றி வருகிறது. கூத்து மேடையில் விடை வேறு வரிசையில் வருகிறது. முதலில் திரௌபதியின் நியாயம் பார்ப்பவர்களுக்கு விளங்குகிறது. சபை கைவிடுகிறது. அதன் பின்பே கண்ணன் சேலை தருகிறான். தெய்வம் வருவதற்கு முன்பே தீர்ப்பு ஆகிவிட்டது.

கோயிலுக்கு வெளியே அறத் தீர்ப்பு ஊர்க்கூட்டத்தில் நடந்தது. கோல்காரர் வீடு வீடாகச் சொல்லி வர, ஆலமரத்தடியில் ஊர்க்கவுண்டர் தலைமையில் கூடுவார்கள். சாட்சி இல்லாத வழக்கு என்றால் சத்தியம். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் விவகாரம் அத்தோடு தீர்ந்தது. பொய்ச் சத்தியம் என்றால் அம்மன் பார்த்துக்கொள்வாள். பூப்போட்டுக் கேட்பதும், காசு வெட்டிப் போட்டு உறவை முறிப்பதும் இதே வகை. வெளியிலிருந்து பார்ப்பவர் இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. போலீசும் நீதிமன்றமும் எட்டாத இடத்தில் பகை வெட்டுக்குத்தாக முற்றாமல் தடுத்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு. அதே கூட்டம்தான் தண்டம் போட்டது, குடும்பத்தையே ஊரை விட்டுத் தள்ளி வைத்தது. சேரியில் இருப்பவர் அந்த ஆலமரத்தடியில் எட்டி நின்று கைகட்டித் தீர்ப்பைக் கேட்டார். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவருக்கு இடமில்லை. பெண்ணுக்கும் இல்லை.

இசுலாமியர் ஜமாஅத்தும் கிறித்தவர் திருச்சபையும் தத்தம் மக்களிடையே இதே போன்ற பணியைச் செய்தன. கத்தோலிக்கருக்கு 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டம் ஆனது.

கம்பெனியின் நீதிமன்றம்

1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் எனப்பட்ட இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலங்களை அளந்தார். ரயத்துவாரி முறையின் தொட்டில் இந்த மண். ஊரோடு பேசிப் பழகிய மன்றோ, கிராமத் தகராறுகளைக் கிராமத்திலேயே தீர்க்க வேண்டும் என்ற கருத்துக்கு வந்தார். 1816இல் சென்னை மாகாணத்தில் கிராம முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் விதிமுறைகள் வந்ததில் அவர் தலைமை தாங்கிய குழுவின் பங்கு பெரியது. ஏட்டில் எழுதிய பஞ்சாயத்தைவிட ஏட்டில் இல்லாத ஆலமரத்தடியையே மக்கள் விரும்பினார்கள் என்பது வேறு கதை.

கம்பெனிக்கும் பின்னர் அரசிக்கும் பெரிய தலைவலி சாட்சிப் பிரமாணம். இந்துச் சாட்சி கங்கை நீரின் மீதும் முசுலிம் சாட்சி குர்ஆன் மீதும் சத்தியம் செய்யும் வழக்கத்தை 1840ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் நீக்கி, உறுதிமொழியைக் கொண்டுவந்தது. 1873இன் இந்தியப் பிரமாணச் சட்டமோ கதவை மறுபடி பாதி திறந்தது. எதிராளி கோயிலில் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு தரப்பு சொல்ல அது இடம் கொடுத்தது. அவர் செய்துவிட்டால், கட்டுப்படுவதாகச் சொன்னவருக்கு எதிராக அதுவே முடிந்த முடிவான சான்று. ஆக, கற்பூரச் சத்தியம் வெள்ளைக்கார நீதிமன்றத்தின் சட்டப் புத்தகத்திலேயே சுமார் நூறாண்டு குடியிருந்தது. 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டத்தில் அந்தப் பிரிவுகள் இல்லை. இன்று டவாலி மூன்று முறை பெயர் கூப்பிட்டதும் கூண்டேறுபவர் கடவுளின் பெயரால் பிரமாணமும் செய்யலாம், கடவுள் பெயர் இல்லாமல் உறுதியும் கூறலாம். சட்டத்தின் முன் இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே.

1873ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டம் இன்னொன்றும் செய்தது. வாரிசுரிமை, திருமணம், சாதி, சமய நிறுவனம் ஆகியவற்றில் இந்துவுக்கு இந்துச் சட்டம், முசுலிமுக்கு முகமதியச் சட்டம், அல்லது வழக்கம். எதுவும் பொருந்தாவிட்டால் நீதி, நேர்மை, நல்ல மனசாட்சி. இந்தக் கடைசிச் சொற்கள் நீதிபதியின் மனசாட்சியைத்தான் குறித்தன. ஊராரின் மனசாட்சியை யாரும் கேட்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டு

1965 அக்டோபர் 2 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதி. எனவே 1937 அக்டோபர் 1 அன்று இராசாசி சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு இங்கேயும் நடைமுறைக்கு வந்தது. குடிப்பது பாவம் என்று கோயில்களும் பள்ளிவாசல்களும் சொல்லி வந்ததை, ஏழைக் குடும்பத்தின் அடுப்பைக் காட்டி அரசு சட்டமாக்கியது. போன வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மது பின்னாளில் திரும்பி வந்துவிட்டது, வரி போகவேயில்லை.

சமயத்தையும் பொதுவாழ்வையும் ஒரே கட்டடத்தில் சேர்க்கப் பார்த்தவர் சுப்பிரமணிய சிவா. சிறையில் தொழுநோய் பெற்று, ரயில் பயணம் மறுக்கப்பட்ட நிலையிலும் ஊர் ஊராகச் சுற்றிய அவர், பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கிப் பாரத ஆசிரமம் அமைத்தார். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் நுழைந்து வணங்கத்தக்க பாரத மாதா கோயில் ஒன்றைக் கட்டுவது அவர் கனவு. 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 சூலை 23 அன்று சிவா அங்கேயே காலமானார், கோயில் எழும்பவில்லை. நூற்றாண்டு நெருங்கும்போது தமிழ்நாடு அரசு அங்கே பாரத மாதா நினைவாலயம் கட்டியது. அது கோயிலா நினைவிடமா என்று பின்னர் எழுந்த பூசலைச் சிவா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது சுவையான கேள்விதான்.

எதிர்த்திசையில் நடந்தது சுயமரியாதை இயக்கம். சாத்திரத்தையும் கடவுளையும் தள்ளிவிட்டு, தன்னிடம் பிறர் எப்படி நடக்க வேண்டும் என்று ஒருவர் எதிர்பார்க்கிறாரோ அப்படியே அவர் பிறரிடம் நடப்பதுதான் ஒழுக்கம் என்றார் பெரியார். உலகின் பல சமயங்களில் உள்ள பொன்விதிதான் இது. ஆனால் அவர் அதைச் சாதியின் மீது வைத்து அளந்தார். புரோகிதர் இல்லாத திருமணம் 1950களில் நீதிமன்றத்தில் செல்லாது என்றானது. அண்ணா ஆட்சியில் இயற்றப்பட்ட இந்துத் திருமணத் தமிழ்நாடு திருத்தச் சட்டம் 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்து, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் செல்லுபடி தந்தது. உறவினரும் நண்பரும் சாட்சி, அக்கினி வேண்டியதில்லை.

1970களின் இறுதியில் நக்சல்பாரி இயக்கம் தருமபுரிச் சிற்றூர்களில் வேரூன்றியது. தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறையும் கந்துவட்டியும் அதன் இலக்குகள். வன்முறையை அறமாக ஏற்ற அவ்வியக்கத்தை அரசு அதே வன்முறையால் அடக்கியது. அவ்வியக்கத் தலைவர்களான அப்பு, பாலன் ஆகியோருக்கு நாயக்கன்கொட்டாயில் நினைவுச்சின்னம் நிற்கிறது. இயக்கம் ஒடுங்கிய பிறகும் அது உடைத்த குவளைகள் பல ஊர்களில் திரும்ப வரவில்லை; எல்லா ஊரிலும் அப்படி என்று சொல்ல முடியாது.

பிறந்த பெண்ணும் பிறவாத பெண்ணும்

இம்மாவட்டத்தின் அற வரலாற்றில் மிகவும் வலிக்கும் பக்கம் பெண் சிசுக்கொலை. எந்தக் கோயிலும் எந்தச் சட்டமும் ஒப்புக்கொள்ளாத ஒன்று வீட்டுக்குள் சகசமாக நடந்தது. வரதட்சணை ஏறிக்கொண்டே போனது ஒரு காரணம். வளர்த்துக் கண்ணீர் விடுவதைவிட இப்போதே முடித்துவிடுவது மேல் என்ற, இரக்கத்தின் முகமூடி போட்ட தர்க்கம் இன்னொன்று. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிந்தது. இடையில், 1990களின் பிற்பகுதியில், டென்மார்க் உதவியுடனான டேனிடா நலவாழ்வுத் திட்டத்தோடு சேர்ந்து கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராக வீதி நாடகம் போட்டன. பாரதக் கூத்துப் பார்த்துப் பழகிய கண்கள் இதையும் பார்த்தன. போலீஸ் வழக்கைவிட இந்த நாடகங்கள் அதிகம் சாதித்தன என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு.

2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தருமபுரியில் 826 பெண் குழந்தைகள், 2011இல் 913. ஏறியது உண்மை. கையடக்க ஸ்கேன் கருவியோடு கருவின் பாலினம் சொல்லும் கும்பல்கள் இவ்வட்டாரத்தில் பிடிபட்ட செய்திகள் அதன் பிறகும் வந்துகொண்டிருக்கின்றன. கொலை கண்ணுக்குத் தெரிந்தவரை மனசாட்சி உறுத்தியது. கருவி வந்ததும் உறுத்தல் குறைந்தது.

கூட்டத்தின் மனம்

2000 பிப்ரவரி 2 அன்று, செயலலிதாவுக்கு எதிரான ஒரு தீர்ப்பைக் கண்டித்து நடந்த மறியலில், இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து கொளுத்தப்பட்டு மாணவியர் மூவர் இறந்தனர். குற்றவாளிகளில் மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016இல் மறுசீராய்வில், கூட்ட வெறியில் செய்தது, திட்டமிட்ட கொலை நோக்கம் இல்லை என்ற வாதத்தை ஏற்று ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018இல் அரசு அவர்களை விடுவித்தது. செயலை எடைபோடுவதா, செய்தவன் மனத்தை எடைபோடுவதா என்ற பழைய கேள்வி இங்கே சட்டத்தின் மொழியில் திரும்பி வந்தது. தலைவருக்காகச் செய்தோம் என்பது நடுகல் காலத்து விசுவாசம்தான். எரிந்தவர்கள் எந்தத் தலைவருக்கும் எதிரிகள் அல்லர்.

2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகளையும் இரட்டைக் குவளையையும் கடுமையாகக் கண்டித்து, ஒழிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு நவம்பர் 7 அன்று, சாதி மறுப்புத் திருமணம் ஒன்றை ஒட்டி மணமகளின் தந்தை தற்கொலை செய்துகொண்டதும், நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி மாறி மணம் செய்வது சட்டப்படி தவறில்லை. எந்தக் கோயில் விதியையும் அத்திருமணம் மீறவில்லை. ஊரின் மானம் என்ற ஒன்று மட்டும் தீர்ப்புச் சொன்னது.

வாச்சாத்தி

அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி மலையாளிப் பழங்குடியினரின் ஊர். 1992 சூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் ஊருக்குள் புகுந்தனர். மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். பதினெட்டுப் பெண்கள் ஏரிப் பக்கம் கொண்டு செல்லப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடுமாடு அழிக்கப்பட்டது, கிணறு கெடுக்கப்பட்டது. 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் கைதாயினர். வனத்துறை அலுவலகத்தில் வைத்து, ஊர்க்கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி அவ்வூர்ப் பெண்களையே கட்டாயப்படுத்தினார்கள். ஓர் ஊரின் அற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அந்த அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதை உடைப்பதற்கான வழியும் தெரிந்திருக்கிறது.

வந்தவர்கள் அத்தனை பேரும் பதவியேற்றபோது பிரமாணம் எடுத்தவர்கள். அவர்களில் சாமி கும்பிடாதவர் அநேகமாக ஒருவரும் இருந்திருக்க மாட்டார். தெய்வமும் அரசியலமைப்பும் சேர்ந்தே அவர்களிடம் அன்றைக்குத் தோற்றன. பின்னர் நடந்தது இன்னும் மோசம். அரசு அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று மறுத்தது. கடத்தல்காரர் ஊர் சொல்வதை யார் நம்புவது என்பதே வாதம். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விவகாரத்தை வெளியே கொண்டுவந்தன. அக்கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை தந்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐயிடம் ஒப்படைத்தது.

வழக்கு நின்றது அந்தப் பெண்களின் வாய்ச்சொல்லில். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சீருடைக்காரர்களை நேருக்கு நேர் பார்த்து அடையாளம் சொன்னார்கள், ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள், சொன்னதை மாற்றவில்லை. திரௌபதி சபையில் கேட்டதைப் போல இவர்களும் கேட்டார்கள், சேலை நீட்டக் கண்ணன் வரவில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. பதினேழு பேர் மீது பாலியல் வன்கொடுமை உறுதியானது; அவர்களில் 12 பேருக்குப் பத்தாண்டும் 5 பேருக்கு ஏழாண்டும் சிறை. 269 பேரில் மீதி 54 பேர் வழக்கு முடியும் முன்பே இறந்துபோயிருந்தனர்.

குற்றவாளிகளின் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே வந்து, இடங்களைப் பார்த்து, மக்களிடம் பேசினார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அப்போது சம்பவம் நடந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.